தேக்கமும் ஏற்றமும்: ஒரு கறுப்புப் படலத்தின் வரலாறு

1

ஒரு பொருள் எவ்வளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்பது மிகச் சாதாரணமான கேள்வியாகத் தோன்றுகிறது. குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்பதைப் போல. கவிழ்த்து ஊற்றி அளந்தால் தெரிந்துவிடப் போகிறது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் பாலிமர் படலங்கள் என்று ஒருவகைப் பொருள்கள் உண்டு. அவற்றைப் பொறுத்தவரை இந்தச் சாதாரணக் கேள்விக்குக் கறாராகப் பதில் சொல்ல முடியாமல் மின்வேதியியல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திணறி வந்திருக்கிறது. அளக்கத் தெரியாததால் அல்ல. அளந்து பெற்ற எண் எதனுடைய எண் என்பதில் உடன்பாடு இல்லாததால்.

இக்கட்டுரை அந்த உடன்பாடின்மையின் வரலாற்றைப் பின்தொடர முயல்கிறது. இம்மாதிரிப் பத்திரிகையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 'அறிவியலும் ஒரு சொல்லாடல்தானே' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது தொண்ணூறுகளிலிருந்தே நம் விவாதங்களில் பழகிப்போன ஒன்று. எதிர்வரிசையில், 'கருவி சொல்லிவிட்டது, அதற்குமேல் அப்பீல் கிடையாது' என்கிறவர்களும் உண்டு. இரு தரப்பும் சண்டை போட்டுக்கொள்கிறார்களே தவிர, ஆய்வுக்கூட மேசையில் ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால் இரண்டு தரப்புக்குமே சங்கடம் காத்திருக்கிறது.

2

1862இல் ஹென்றி லெதபி, அனிலீனைக் கந்தக அமிலத்தில் கரைத்து, பிளாட்டின மின்முனைகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினார். நேர்மின்முனையில் கருநீலமாக ஒரு பொருள் படிந்தது. லெதபி லண்டன் மருத்துவமனைக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அந்நகரின் சுகாதார அதிகாரி. நஞ்சுகளைப் பற்றி ஆராய்ந்தவர். அவர் கண்ணுக்குப் பட்டது நிறம். அதில் வியப்பில்லை. அனிலீன் என்றாலே சாயம் என்று இங்கிலாந்து முழுவதும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே அனிலீன் கறுப்பைப் பருத்தித் துணியில் ஏற்றுவதற்கு லைட்ஃபுட் காப்புரிமை வாங்கினார். இன்று பாலிஅனிலீன் என்று சொல்லப்படுகிற பொருள் அன்றைக்குத் துணியில் ஒட்டிய கறுப்பு, அவ்வளவுதான்.

நூறாண்டு கழித்து, 1963இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வைஸும் அவருடைய கூட்டாளிகளும் பாலிபிரோல் என்ற இன்னொரு கறுப்புப் பொருளை அயோடினுடன் சேர்த்து அதன் மின்தடையை அளந்தார்கள். பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று எதிர்பாராத அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தியது. மூன்று கட்டுரைகளாக வெளியிட்டார்கள். அவை பரவலாகக் கவனம் பெறவில்லை. 1968இல் இத்தாலியில் டால் ஒலியோ என்பவரும் மற்றவர்களும் பிரோலிலிருந்து மின்னாற்பகுப்பு வழியாகவே கறுப்புப் படிவைப் பெற்றுக் கடத்துதிறனை அளந்து எழுதினார்கள். அதுவும் அமுங்கிப்போயிற்று.

நாம் அறிந்த வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. 1967இல் டோக்கியோவில் ஷிராகாவா இருந்த ஆய்வுக்கூடத்தில், கொரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் சேர்த்த வினையூக்கி தேவையானதைப்போல ஆயிரம் மடங்கு. பொடியாகக் கிடைக்க வேண்டிய பாலிஅசிட்டிலீன் வெள்ளித்தாள் மாதிரி பளபளக்கும் படலமாகக் கிடைத்தது. 1976 நவம்பரில் பென்சில்வேனியாவில் மெக்டயர்மிட், ஹீகர், ஷிராகாவா மூவரும் இந்தப் படலத்தைப் புரோமின் ஆவியில் காட்டியபோது அதன் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977இல் கட்டுரை, 2000இல் வேதியியல் நோபல் பரிசு. பரிசுக்கால விவரிப்புகளில் அந்தக் கொரிய ஆய்வாளர் பெரும்பாலும் பெயரில்லாத ஒரு 'தவறாக' வந்து போகிறார். லெதபியும் வைஸும் அடிக்குறிப்புகளாகிறார்கள். யார் முதலில் என்ற பஞ்சாயத்து நமக்கு முக்கியமல்ல. கவனிக்க வேண்டியது வேறு. ஏறத்தாழ ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களிடம் 1862இல் கேட்கப்பட்ட கேள்வி 'என்ன நிறம்?' 1963இலும் 1976இலும் கேட்கப்பட்டது 'எவ்வளவு கடத்தும்?' மூன்றாவது கேள்வி, 'எவ்வளவு பிடித்துவைக்கும்?', அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த மூன்றாவது கேள்விக்கான ஆண்டு 1979. பாலிஅசிட்டிலீனுக்கு ஆவி காட்டத் தேவையில்லை, மின்கரைசலில் அமிழ்த்தி மின்னழுத்தத்தை மாற்றினாலே போதும் என்று பென்சில்வேனியாக் குழு காட்டியது. அதே ஆண்டு கலிபோர்னியாவில், சான் ஹோசே ஐ.பி.எம். ஆய்வகத்தில் டயஸ், கானசாவா, கார்டினி மூவரும் பிளாட்டினத்தின்மேல் பாலிபிரோலை உறுதியான படலமாக வளர்த்தார்கள். முன்னும் பின்னும் மாற்ற முடிகிற படலம். ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். அப்படியென்றால் இது ஒரு சேமிப்பு. சாயம் கடத்தியாயிற்று, கடத்தி களஞ்சியமாயிற்று. பொருள் மாறவில்லை, கேள்வி மாறியது. கேள்வியை மாற்றியதில் மேசைமேல் இருந்த கருவிக்கும் பங்கு உண்டு.

3

படலத்துக்குள் நடப்பதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கலாம். பாலிபிரோல் என்பது வளையங்களைக் கோத்த நீண்ட சங்கிலி. மின்னழுத்தத்தை உயர்த்தினால் சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்கள் பிடுங்கப்படுகின்றன. சங்கிலி நேர்மின்னூட்டம் பெறுகிறது. சுமாராக மூன்று நான்கு வளையங்களுக்கு ஒன்று என்ற கணக்கில். அதைச் சமன்செய்யக் கரைசலில் இருக்கும் எதிர் அயனிகள், பெர்குளோரேட் என்று வைத்துக்கொள்வோம், படலத்துக்குள் நுழைகின்றன. அழுத்தத்தைக் குறைத்தால் எல்லாம் திரும்பி நடக்கிறது. எலக்ட்ரான் ஒரு பக்கம், அயனி மறுபக்கம். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைத்தான் கருவி பார்க்கிறது. மற்றதெல்லாம் நாம் ஊகிப்பது.

கருவியின் வேலை இவ்வளவுதான்: மின்னழுத்தத்தை ஒரே வேகத்தில் ஏற்றி, பிறகு அதே வேகத்தில் இறக்கி, ஒவ்வொரு கணமும் மின்னோட்டம் எவ்வளவு என்று பதிவுசெய்வது. சுழல் வோல்டமெட்ரி என்கிறார்கள். வரைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை ஏற்றிய வேகத்தால் வகுத்தால் கூலம்பில் மின்னூட்டம் கிடைத்துவிடும். இந்த வரைபடத்தை வாசிக்கும் இலக்கணம் பாலிமருக்காக உருவானதல்ல. 1948இல் இங்கிலாந்தில் ராண்டில்ஸும் செக்கோஸ்லோவாக்கியாவில் ஷெவ்சிக்கும், 1964இல் அமெரிக்காவில் நிக்கல்சனும் ஷைனும், கரைசலில் தனித்தனியாக நீந்தும் மூலக்கூறுகளை மனத்தில் வைத்து உருவாக்கியது அது. அந்த இலக்கணத்தில் முகடு என்றால் ஒரு மூலக்கூறு எலக்ட்ரானை விட்டுக்கொடுத்தது என்று பொருள். தட்டையான கோடு என்றால் மின்தேக்கி. அதாவது பரப்பில் அயனிகள் வெறுமனே வரிசைகட்டி நிற்கின்றன, வேதிமாற்றம் எதுவும் இல்லை.

பாலிபிரோல் படலமோ இரண்டையும் ஒரே மூச்சில் காட்டியது. முதலில் ஒரு முகடு. அதன் பின்னால் இறங்கிப் போகாமல் நீண்டு கிடக்கும் ஒரு மேட்டுச் சமவெளி. முகட்டை எல்லோரும் வாசித்துவிட்டார்கள். சமவெளியை என்ன செய்வது?

1984இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஃபெல்ட்பெர்க் ஒரு மறுவாசிப்பை முன்வைத்தார். ஆக்சிஜனேற்றம் அடைந்த படலம் உலோகம் போல நடந்துகொள்கிறது. பஞ்சு போன்ற அதன் உட்பரப்பு முழுவதும் ஒரு பெரிய மின்தேக்கியாகிறது. ஆகவே சமவெளியில் ஓடுவது வேதிமாற்றத்தின் மின்னோட்டமல்ல, தேக்கத்தின் மின்னோட்டம் என்றார். இதை ஏற்றால் அதுவரை 'இத்தனை வளையத்துக்கு இத்தனை எலக்ட்ரான்' என்று போட்ட கணக்குகள் ஆட்டம்காண்கின்றன. ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை சமவெளி என்பது வெவ்வேறு நீளமுள்ள சங்கிலிகள் வெவ்வேறு அழுத்தத்தில் அடுத்தடுத்து ஆக்சிஜனேற்றம் அடைவதால் ஒன்றன்மேல் ஒன்று கவிந்த முகடுகளின் வரிசை. 1987இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர் நடுவழி ஒன்றைச் சொன்னார்கள். படலத்தில் இரண்டு விதமான மின்னூட்டம் இருக்கிறது. ஒன்று இறுகப் பிணைந்தது, மற்றது தளர்வாக நிற்பது என்று.

சரி, சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்குதான் சிக்கல். வேகத்தை மாற்றிப் பார்ப்பது வழக்கமான சோதனை. மின்தேக்கியில் மின்னோட்டம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் உயரும். கரைசலில் உள்ள மூலக்கூறு என்றால் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். ஆனால் மெல்லிய படலமாக மின்முனையில் ஒட்டிக்கொண்ட பொருள், அது முழுக்க முழுக்க வேதிமாற்றமே அடைந்தாலும், மின்தேக்கியைப் போலவே வேகத்துக்கு நேர்விகிதத்தில்தான் உயரும். இரண்டு எதிரெதிர் விளக்கங்களுக்கும் கருவி ஒரே பதிலைத் தருகிறது. கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அதனிடம் இவ்வளவுதான் மொழி இருக்கிறது.

நம் மொழியில் இந்த வேறுபாடு சொல்லிலேயே பதிந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் 'மின்தேக்கி' என்கிறது. இலங்கைப் பாடநூல் அதையே 'கொள்ளளவி' என்கிறது. ஒன்று தேங்கி நிற்பதைச் சொல்கிறது. மற்றது கொள்ளும் அளவைச் சொல்கிறது. வயலில் தண்ணீர் விட்டால் கொஞ்சம் மேலே தேங்கி நிற்கும், கொஞ்சம் மண்ணில் ஊறும். வடிகாலில் வந்ததை மட்டும் அளந்தால் எவ்வளவு வந்தது என்று சொல்லலாம். அதில் எது நின்ற நீர், எது ஊறிய நீர் என்று வடிகாலுக்குத் தெரியாது. கூலம்பும் அந்த வடிகால்தான்.

4

எண் எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலம்பு. ஃபாரடேயின் 1830களின் விதிகளிலிருந்து வருகிற எண் இது. பாலிபிரோலில் ஒரு வளையத்தின் நிறை 65. மூன்று வளையத்துக்கு ஒரு மின்னூட்டம் என்றால், 195 கிராமுக்கு 96,485 கூலம்பு. கிராமுக்குச் சுமார் 495. ஆனால் மின்னூட்டம் பெற்ற படலத்தில் பெர்குளோரேட் அயனியும் உட்கார்ந்திருக்கிறதே, அதன் நிறை 99.5. அதையும் சேர்த்தால் கிராமுக்குச் சுமார் 327 கூலம்பு. படலம் அதேதான், மின்னூட்டம் அதேதான். எதை எடைபோடுவது என்ற முடிவு மாறியது. எண்ணில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று.

அந்த எடையாவது உறுதியானதா? ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 0.1 மைக்ரான் தடிமனுள்ள படலம் என்றால் அதன் எடை சுமார் 15 மைக்ரோகிராம். சாதாரண ஆய்வுக்கூடத் தராசுக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே என்ன செய்கிறார்கள்? படலத்தை வளர்க்கும்போது செலவான மின்னூட்டத்தை அளந்து, வளையத்துக்கு இரண்டுக்குச் சற்று மேற்பட்ட எலக்ட்ரான்கள் செலவாகும், எதுவும் வீணாகாது என்று வைத்துக்கொண்டு, எடையைக் கணக்கிடுகிறார்கள். பிறகு அந்தப் படலம் பிடித்துவைக்கும் மின்னூட்டத்தை இந்த எடையால் வகுத்து, 'கிராமுக்கு இத்தனை' என்று எழுதுகிறார்கள். மின்னூட்டத்தை மின்னூட்டத்தால் வகுத்துக் கிடைத்த எண் கிராம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. இது மோசடி அல்ல; வேறு வழியில்லாத இடத்தில் கையாளப்படும் நியாயமான ஏற்பாடு. ஆனால் ஏற்பாடு என்பது மறக்கப்படும்போது எண் இயற்கையின் குரலாக ஒலிக்கத் தொடங்குகிறது. கருத்தியல் செயல்படும் இடம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது இந்த மறதியைத்தான்.

இந்த வட்டத்திலிருந்து வெளியேற ஒரு வழி திறந்தது. குவார்ட்ஸ் படிகம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிரும். அதன்மேல் எடை ஏறினால் அதிர்வு குறையும் என்பதை 1959இல் ஜெர்மானியரான சாவர்பிரை சூத்திரமாக்கியிருந்தார். நொடிக்கு ஐம்பது லட்சம் முறை அதிரும் படிகத்தில் ஒரே ஓர் அதிர்வு குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று கணக்கு. 1984இல் ஐ.பி.எம்.மில் காஃப்மன், கானசாவா, ஸ்டிரீட் மூவரும் பாலிபிரோலை இத்தகைய படிகத்தின்மேல் வைத்து, மின்னழுத்தத்தை மாற்றும்போதே எடையையும் பார்த்தார்கள். ஃபெல்ட்பெர்க்கின் கட்டுரை வந்த அதே ஆண்டு இது.

நம் 15 மைக்ரோகிராம் படலத்தையே எடுத்துக்கொள்வோம். மின்னூட்டத்தை முழுவதும் இறக்கும்போது பெர்குளோரேட் வெளியேறினால் எடை ஐந்து மைக்ரோகிராம் குறைய வேண்டும். படிகத்தின் அதிர்வு 285 போல உயர வேண்டும். மாறாக, எதிர் அயனி உள்ளேயே மாட்டிக்கொண்டு, சமன்செய்ய வெளியிலிருந்து சோடியம் நுழைந்தால் எடை குறையாது, கூடும். பெரிய சல்ஃபோனேட் அயனிகளோடு வளர்த்த படலங்களில் இப்படித்தான் நடக்கிறது. கம்பியில் ஓடிய மின்னோட்டம் இரண்டுக்கும் ஒன்றேதான். வடிகாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதன்முறையாக மண்ணின் ஈரம் தெரிந்தது. எல்லாம் சொல்லாடல்தான் என்பவர்களுக்கு இங்கே பதில் சொல்லும் பொறுப்பு இருக்கிறது. எடை கூடுமா குறையுமா என்பதை எந்தக் கோட்பாடும் தன் விருப்பத்துக்குத் தீர்மானிக்க முடியவில்லை. படலம் தீர்மானித்தது.

ஆனால் தராசுவாதிகள் உடனே கொண்டாடவும் முடியாது. அயனியோடு கரைப்பான் மூலக்கூறுகளும் ஒட்டிக்கொண்டு போய்வருகின்றன. எடை என்பது இரண்டின் கூட்டுத்தொகை. தவிர, சாவர்பிரையின் சூத்திரம் படலம் கல் மாதிரி விறைப்பாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. தடித்த பாலிமர் படலமோ ஊறி, தளர்ந்து, கூழ் மாதிரி அசைகிறது. ஒரு கருவியின் ஊமைத்தனத்தை இன்னொரு கருவி தீர்க்கிறது, தன் பங்குக்கு ஒரு புதிய ஊகத்தைச் சேர்த்துக்கொண்டு. கருவி என்பது பொருளாகிப்போன கோட்பாடு என்று பாஷ்லார் முப்பதுகளிலேயே வாதிட்டார். அதை மேற்கோளாகப் பயன்படுத்துகிறவர்கள் பலர். அதன் மறுபாதியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பொருளாகிப்போனதால்தான் அந்தக் கோட்பாடு இன்னொரு பொருளிடம் தோற்கவும் முடிகிறது.

5

படலம் கொடுத்த பெரிய அதிர்ச்சி வேறொன்று. ஒரே படலத்தை, ஒரே கரைசலில், ஒரே வேகத்தில் மீண்டும் மீண்டும் சுழற்றினால் வரைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகப் பொருந்துகின்றன. ஆனால் மின்னூட்டம் இறக்கிய நிலையில் அதைச் சும்மா கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பிறகு சுழற்றினால் முதல் சுற்று மட்டும் வேறாக வருகிறது. முகடு தள்ளிப்போய் நிற்கிறது. இரண்டாம் சுற்றில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. காத்திருக்கும் நேரம் கூடக்கூட முகடு இன்னும் தள்ளிப்போகிறது, நேரத்தின் மடக்கைக்கு ஏற்ப. 1989இல் வில்லெரே, நெக்ஷ்டைன் இருவரும் பாலிஅனிலீனில் இதை ஆராய்ந்து 'நினைவு விளைவு' என்றே பெயரிட்டார்கள். தொண்ணூறுகளில் ஸ்பெயினில் ஒட்டேரோவின் குழு இதற்கு விளக்கம் தந்தது: மின்னூட்டம் இல்லாதபோது சங்கிலிகள் மெல்ல நெருங்கிச் சுருங்கி இறுகிவிடுகின்றன, மறுபடி அயனி நுழைய வேண்டுமானால் முதலில் அந்த இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், அதற்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது.

இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். 'இந்தப் படலம் எவ்வளவு பிடிக்கும்?' என்ற கேள்வி, படலத்துக்கு ஒரு நிலை இருக்கிறது, கடந்த காலம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. படலம் அதை மறுக்கிறது. எந்தக் கரைசலில் வளர்ந்தது, எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது, எத்தனை முறை சுழற்றப்பட்டது, கடைசியாக எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. முதல் சுற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு 'நிலைபெற்ற' சுற்றை மட்டும் வெளியிடுவது பரவலான வழக்கம். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு நிலைபெற்ற ஒன்று வேண்டும். ஆனால் தூக்கிப்போடப்படும் அந்த முதல் சுற்றில்தான் படலம் தன் வரலாற்றைச் சொல்கிறது.

6

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கிவிடும் நுணுக்கங்கள் அல்ல. 1987இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன், சைகோ நிறுவனங்கள் பாலிஅனிலீனையும் லித்தியத்தையும் கொண்டு நாணய வடிவ மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. பிளாஸ்டிக் பேட்டரி வந்துவிட்டது என்று பேச்சு. அது நிலைக்கவில்லை. 1991இல் சோனி கொண்டுவந்த லித்தியம் அயனிக் கலத்தின் முன் இந்தப் பாலிமர்களால் போட்டிபோட முடியவில்லை. அதன் பிறகு இதே படலங்கள் 'மீமின்தேக்கி' என்ற புதிய வகைமைக்குள் குடியேறின. பேட்டரியாகத் தோற்ற பொருள் மின்தேக்கியாக மறுபிறவி எடுத்தது. சமவெளியைத் தேக்கமாக வாசிக்கலாம் என்று ஃபெல்ட்பெர்க் திறந்துவைத்த வழி, அவர் உத்தேசித்தாரோ இல்லையோ, இப்போது பயன்பட்டது. கூலம்பில் சொன்னால் சுமாரான பேட்டரி. அதே மின்னூட்டத்தை வோல்ட்டால் வகுத்து ஃபாரட்டில் சொன்னால் பிரமாதமான மின்தேக்கி.

கிராமுக்கு இத்தனை ஃபாரட் என்று கட்டுரைகள் குவிந்தன. கோகோட்சி, சிமோன் இருவரும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது இந்தப் பின்னணியில்தான். சில மைக்ரோகிராம் எடையுள்ள மெல்லிய படலத்தில் பெற்ற எண்ணைக் கிராமுக்குப் பெருக்கிச் சொல்வது, அதை ஏந்தி நிற்கும் உலோகத் தகடு, மின்கரைசல், உறை எல்லாவற்றின் எடையையும் மறைத்துவிடுகிறது. முழுச் சாதனம் கையில் வரும்போது அந்த எண் இருக்காது என்றார்கள். 2014இல் இருவரும் டன்னுடன் சேர்ந்து அதே இதழில், பேட்டரி எங்கே முடிகிறது, மீமின்தேக்கி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியையே தலைப்பாக்கினார்கள். ஃபெல்ட்பெர்க்குக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. எண் ஒரு நாணயம். அதைக் கொடுத்தால் நிதி கிடைக்கிறது, பதவி கிடைக்கிறது, இதழில் இடம் கிடைக்கிறது. எந்த அலகில் அளப்பது என்பது எந்தச் சந்தையில் விற்பது என்பதும்தான்.

பரிகாசம் போல இன்னொன்று. இந்தக் குடும்பத்துப் பாலிமர்கள் இன்று கணினிகளின் மின்சுற்றுப் பலகைகளில் திண்மப் பாலிமர் மின்தேக்கிகளுக்குள் இருக்கின்றன. ஆனால் அங்கே அவை எதையும் தேக்கிவைக்கவில்லை. தேக்கும் வேலையைச் செய்வது உலோகத்தின்மேல் வளர்ந்த மெல்லிய ஆக்சைடு. பாலிமர் வெறும் கடத்தி. மூன்றாவது கேள்விக்காக இவ்வளவு பாடுபட்ட பொருள், இரண்டாவது கேள்விக்கான பதிலாகத்தான் பிழைப்பு நடத்துகிறது.

அளவை என்பது பொருளின்மேல் மனிதர் ஏற்றிவைத்த வெறும் கற்பனை என்று இந்த வரலாற்றிலிருந்து முடிவுகட்ட முடியாது. கற்பனையாக இருந்தால் குவார்ட்ஸ் படிகம் யாருடைய பேச்சையும் கேட்டு அதிர்ந்திருக்கும். பொருளே தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது என்றும் முடிவுகட்ட முடியாது. சொல்லியிருந்தால் 495க்கும் 327க்கும் இடையில் தேர்ந்தெடுக்கும் வேலை நமக்கு இருந்திருக்காது. ஓர் எண்ணை நம்ப வேண்டுமா கூடாதா என்று கேட்பதைவிட, அது எதை எடைபோட்டது, எந்தச் சுற்றை விட்டுவிட்டது, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று கேட்பது பயனுள்ளது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தருகிற எண், இரண்டு தரப்புச் சண்டையையும் தாண்டி நிற்கும். தராத எண், எத்தனை தசமத் தானங்கள் வைத்திருந்தாலும், வெறும் வதந்திதான்.